ராஜா இல்லாத நாடகத்தைச் சிபாரிசு செய்தது

1949ஆம் வருஷம் ஜூலை மாதம் 17ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி பத்து நிமிஷம். மழை. பம்பாய் மாதுங்காவில் ஜூலை மாதத்தில் மழை பெய்தது என்று எழுதுவது மை விரயம்தான். ஆனாலும் அன்றைய மழை காலை ஆறே முக்காலுக்குத் தொடங்கி ஒரு நிமிஷமும் விடவில்லை. எங்கள் கட்டடத்தின் நாற்பத்திரண்டு படிகளிலும் தண்ணீர் நின்றது. அந்த நாற்பத்திரண்டையும் ஏறி வந்து ஒருவர் கதவைத் தட்டினார். குடையைத் தனக்குப் பிடிக்காமல், மார்போடு அணைத்திருந்த பொட்டலத்துக்குப் பிடித்திருந்தார். உள்ளே இருப்பது நாடகம் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பெற்ற குழந்தையைக்கூட யாரும் அவ்வளவு நனையாமல் கொண்டுவருவதில்லை.

எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. மாலையில் எங்கள் பேட்டைத் தமிழர்களின் சிறு சங்கம் ஒன்றுக்கு நாடகச் சிபாரிசுக்காரன். சங்கம் மாதம் ஒருமுறை ஸ்டென்சிலில் நாலு பக்கப் பத்திரிகை ஒன்று போட்டது. வருஷத்துக்கொருமுறை அதில் ஒன்றரைப் பக்கம் எனக்கு. பம்பாயில் வசிக்கும் தமிழ் ஆசிரியர்கள் புதிதாக எழுதிய நாடகங்களைப் படித்து, மூன்றை வரிசைப்படுத்திச் சிபாரிசு செய்ய வேண்டும். முதல் இடம் பெற்றது நவராத்திரிக்குப் பின் மைதானத்தில் மேடையேறும். அதற்குமுன் பதினொரு வருஷம் இதைச் செய்திருந்தேன். பதினொரு வருஷமும் என் சிபாரிசை யாரும் மறுத்ததில்லை. அதற்குக் காரணம் என் ரசனை என்று நான் நம்பினேன். அந்த வருஷம் உண்மைக் காரணம் தெரிந்தது.

எங்கள் சங்கம் உயிரோடிருக்கும் ஆசிரியர்களையே விரும்பியது. இலக்கியத்தில் புதுமை வேண்டுமென்ற தாகத்தால் அல்ல. செத்துப்போன ஆசிரியரிடம் போய், "இன்னொரு தளபதி சேருங்கள்" என்று கேட்க முடியாது.

தளபதி ஏன் வேண்டும் என்று சொல்ல வேண்டும். சங்கத்திடம் சொந்தமாக இருந்தது ஒரு ரப்பர் ஸ்டாம்பு. மற்றதெல்லாம் இரவல். இரவல் கொடுப்பவர்கள் பத்தொன்பது பேர். பத்தொன்பது பேருக்கும் வேஷம் உண்டு. செம்பூரில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்ட ஒரு பெரியவரிடம் வெல்வெட் திரை இருந்தது. ஆகவே அவர் ராஜா. பெட்ரோமாக்ஸ் விளக்கு இரண்டு கொடுத்தவர் மந்திரி. பெஞ்சு கொடுத்தவர் குலகுரு. ஜமக்காளக்காரர் சேனாதிபதி. மனைவியின் கல்யாணப் புடவையைக் கொடுத்தவரே ராணி. அதற்காக வருஷாவருஷம் மீசையை எடுத்தார். ரேஷன் சர்க்கரையை மிச்சம் பிடித்துத் தந்தவர் மகரிஷி. காபி அடுப்பும் பாய்லரும் கொடுத்தவர் முதல் காட்சியில் மட்டும் குடிமகனாக வந்து, மழையில்லை என்று ராஜாவிடம் முறையிட்டுவிட்டு, இடைவேளைக் காபி போடப் போய்விடுவார். அதனால் எங்கள் மேடையில் பதினொரு வருஷமும் முதல் காட்சியில் பஞ்சம் வந்தது.

ஆசிரியர்களும் இதைத் தெரிந்துகொண்டு எழுதினார்கள். அந்த வருஷம் வந்த முதல் நாடகம் ஒரு பாங்கு அக்கவுண்டண்டுடையது. சோழநாட்டுக் கதை, இருபத்து நாலு பாத்திரங்கள், ஏழு கத்திக்குத்து. இரண்டாவதை எழுதியவர் இன்ஷ்யூரன்ஸ் ஏஜெண்டு. தேசபக்தி நாடகம், முப்பத்தொரு பாத்திரங்கள், அதில் பதினொருவர் வாயில்காப்போர். தியாகி சாகும் தறுவாயில், குடும்பத்துக்கு முன்யோசனையாக ஏதாவது செய்துவைக்காமல் போனேனே என்று மூன்று பக்கம் வருந்துகிறார்.

மூன்றாவதுதான் மழையில் வந்த பொட்டலம்.

கொண்டுவந்தவர் தாராவியில் ஒரு தோல் கிடங்கில் கணக்கு எழுதுபவர். திருநெல்வேலிப் பக்கம். முப்பது வயது இருக்கலாம். உட்காரச் சொன்னதற்கு உட்காராமல், வேஷ்டியைப் பிழிந்துகொண்டே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"சார்வாள், இதுல மொத்தம் நாலு பேருதான். ஒரே ரூம்புல இருக்க நாங்க நாலு பேருமே நடிச்சிருவோம். ஆனா தீவாளிக்கு முந்தி போட்டாத்தான் உண்டு. தீவாளிக்கு எங்க வீட்டுக்காரி ஊர்லேர்ந்து வாரா. அவ வந்தா மத்த மூணு பேரும் பொட்டியத் தூக்கணும். அப்புறம் நாலு பேரையும் ஒண்ணா நிக்க வைக்க முடியாது."

மழையைப் பார்த்துக்கொண்டே, சரி, படிக்கிறேன் என்றேன். பதினொரு வருஷத்தில் அறுபத்து மூன்று பேருக்கு அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். அவர் போனபின் பொட்டலத்தை ஜன்னல் விளிம்பில் வைத்தேன். தோல் கிடங்கு வாசனை. எங்களைப் போன்ற ஆசாரசீலர்கள் இலக்கியத்தையும் மூன்று நாள் காற்றாட வைத்துவிட்டுத்தான் தொடுவது.

புதன்கிழமை தொட்டேன். நாடகம் படிக்கும்போது எனக்கு ஒரு பழக்கம் உண்டு. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். சோழநாட்டுக்கு முப்பத்தெட்டு கோடு. தேசபக்திக்கு நாற்பத்தாறு. குறைந்த கோடு பெற்றதற்கு முதல் இடம். இந்த முறையை நான் யாருக்கும் சொன்னதில்லை.

அறுபத்திரண்டு பக்க நோட்டுப் புத்தகம். ஓர் அறை, இரண்டு பாய். பகல் ஷிப்டுக்காரர் இருவர், இரவு ஷிப்டுக்காரர் இருவர், மாறி மாறிப் படுக்கிறார்கள். ஒருவனுக்கு மனைவி வருகிறாளென்று கடிதம் வருகிறது. மற்ற மூவரும் போக வேண்டும். போ என்று அவனால் சொல்ல முடியவில்லை. அவன் சொல்வதற்கு முன் தாங்களே போய்விட வேண்டும் என்று மூவருக்கும் ரோஷம், போக இடமில்லை. அவ்வளவுதான் கதை. யாரையும் குத்தவில்லை. பாய் யாருடையது என்று இருபது பக்கம் பேசுகிறார்கள்.

"ஏன்னா, காபி ஆறிப்போய் ரெண்டு மணி நேரம் ஆறது" என்று என் மனைவி சொன்னபோது நிமிர்ந்தேன். காபி நாலு நிமிஷம் தாமதித்தால் திருப்பியனுப்புகிறவன் நான். பக்கங்களைப் புரட்டினேன். ஒரு கோடுகூட இல்லை. பென்சில் முனை உடைந்திருக்கிறதோ என்று பார்த்தேன். உடையவில்லை.

மறுநாள் சங்கத்தின் செயலாளரிடம் நோட்டைக் கொண்டுபோனேன். வருமானவரி ஆபீஸில் சூப்பரின்டெண்டு. எந்தக் காகிதத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பவர். நாடகத்தில் மட்டும் முதல் பக்கத்தை, பாத்திரப் பட்டியலை, பார்ப்பார். பார்த்தார். பின்பக்கம் திருப்பினார். பட்டியல் அங்கே தொடரவில்லை.

"ராஜா எங்கேங்காணும்?"

ராஜா இல்லை என்றேன். மந்திரியும் இல்லை, ராணியும் இல்லை என்று அவராகவே கண்டுபிடித்து, விரலை மடக்கிப் பதினைந்து வரை எண்ணினார்.

"நன்னா எழுதியிருக்கான்னே வச்சுக்கும். செம்பூர்க்காரர்கிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? திரையைக் குடும், உமக்குப் பாய் வேஷம் தரேன்னா? போய் அந்தப் பிள்ளையாண்டான்கிட்டச் சொல்லும். பதினஞ்சு பேரைச் சேர்க்கச் சொல்லும். ஒரு கனவுக் காட்சி போட்டா அரண்மனையே வந்துடுமே."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, பதினொரு வருஷமாக மறுக்கப்படாத என் சிபாரிசின் ரகசியம். நான் சிபாரிசு செய்ததெல்லாம் இருபது பாத்திரங்களுக்கு மேல். எதைச் சொல்லியிருந்தாலும் திரைக்கு ராஜா கிடைத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை தாராவிக்கு நடந்தேன். ரயில் பாலத்தைத் தாண்டி ஆயிரத்தெண்ணூற்று நாற்பது தப்படி. அதில் கடைசி அறுநூறு சேறு. கோலி என்று அங்கே சொல்லும் ஒற்றை அறை. நீளம் பத்தடி, அகலம் எட்டு. கதவுக்குப் பதில் ஒரு சாக்குப் படுதா. இரவு ஷிப்டுக்காரர் ஒருவர் பாயில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். நாடகத்தில் எழுதியிருந்த இடத்தில், எழுதியிருந்த பாயில்.

நான் செய்தியைச் சொன்னேன். பதினைந்து பேர், கனவுக் காட்சியானாலும் பாதகமில்லை, இல்லாவிட்டால் சங்கத்தில் எடுபடாது. சொல்லும்போது என் குரல் செயலாளருடையதைப் போலவே இருந்தது. எழுதியவர் என் கக்கத்திலிருந்த நோட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நாலு பேரு படுக்க எடமில்லன்னுதான் சார்வாள் நாடகமே. பத்தொம்பது பேரு வந்து நின்னா, பெறவு என்ன கஷ்டம்னு சொல்லுதது?"

படுத்திருந்தவர் கண்ணைத் திறக்காமல் பேசினார். "ராஜாவச் சேத்துக்கிடும் வே. அவரு பங்குக்கு வாடகை தருவாருல்லா?"

"ராஜா எங்கவே உக்காருவாரு? இருக்கது ஒரு முக்காலி. அதுல ஸ்டவ் இருக்கு."

இதைச் சொன்ன எழுதியவர் சிரிக்கவில்லை. நோட்டைத் திருப்பிக் கேட்டுக் கையை நீட்டினார். "பரவால்ல சார்வாள். நீங்க இம்புட்டுத் தூரம் சேத்துல வந்ததே பெருசு. குடுங்க. போடாட்டாப் போகுது. மாத்த வேண்டாம்."

கொடுத்துவிட்டு வந்திருந்தால் இந்தப் பக்கங்களை எழுத வேண்டியிருந்திருக்காது. ஒரு டம்ளரில் டீ வைத்தார்கள். வெளியில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாத விரதம் எனக்கு. அதைப் பலரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். டீயைக் குடித்தேன். அதில் தோல் வாசனை இல்லை. நோட்டைக் கக்கத்திலேயே வைத்துக்கொண்டு திரும்பினேன். திரும்பும்போது தப்படி எண்ணவில்லை. அதே ஆயிரத்தெண்ணூற்று நாற்பது இருந்திருக்கும்.

அந்த வாரம் ஸ்டென்சிலில் என் கையால் எழுதினேன்: முதல் இடம், நான்கு பாத்திரங்கள், உள்ளது உள்ளபடியே மேடையேற்றத் தக்கது. பத்திரிகை நூற்றிருபது பிரதி வெளியானது. செயலாளர் அதை அச்சேறியபின்தான் படித்தார், வழக்கம்போல் கடைசிப் பக்கத்திலிருந்து. கோபப்படவில்லை, அது அவருடைய மோசமான குணம்.

"ஆகட்டும். சங்கம் பெயரைப் போட்டுக்கும். மைதானமும் தரேன். சாமான் எல்லாம் உம்ம பொறுப்பு. சிபாரிசு பண்றவாளுக்கும் ஒரு தரமாவது செலவு தெரியட்டுமே."

பத்தொன்பது பேரும் சாமான் இல்லையென்றுவிட்டார்கள். ஜமக்காளக்காரருக்கு வீட்டில் திடீர் விருந்தாளிகள். பெட்ரோமாக்ஸ் இரண்டிலும் ஒரே நாளில் மேண்டில் போய்விட்டது. மகரிஷியின் சர்க்கரையில் எறும்பு. ராணி மட்டும் மீசையைத் தடவிக்கொண்டே எனக்கு நன்றி சொன்னார். ஏழு வருஷமாக அவருக்கு முழு மீசை முளைத்ததேயில்லை.

நான் பெஞ்சும் பெட்ரோமாக்ஸும் வாடகைக்குப் பேசினேன். திரைக்கு அலைந்தபோது தாராவிக்காரர் தடுத்துவிட்டார். அறை வாசலில் தொங்கிய சாக்கே போதும், நாடகம் நடக்கும் நாளில் வீட்டில் திருடன் வந்து எடுக்க ஒன்றுமில்லை என்றார். அப்படியே செய்தோம். செம்பூரின் வெல்வெட்டுக்கு அது செய்த அவமானத்தை நினைத்து எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, மாலை ஐந்து மணிக்குச் சாக்கைத் தூக்கினார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். இரவல் கொடுக்காத பத்தொன்பது பேரும் வந்து, நான் வாடகை கொடுத்த முதல் வரிசைப் பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். மேடையேறாத வருஷத்தில் முதல் வரிசை தங்களுடையது என்று அவர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. நல்ல தோல் செருப்புப் போட்ட தாராவி ஆட்கள் நாற்பது பேர் பின்னால் மண்ணில் உட்கார்ந்தார்கள்.

முதல் கால் மணி நேரம் முன்வரிசை இருமியது. முப்பத்து நாலு வரை எண்ணினேன். பாய்ச் சண்டை வந்ததும் பின்னால் சிரிப்பு எழுந்தது. பிறகு முன்னாலும் தொற்றியது. எங்கள் மாதுங்காவிலும் இரண்டு அறையில் ஒன்பது பேராகப் படுத்தவர்கள் உண்டு. அதை யாரும் மேடையில் சொன்னதில்லை, அவ்வளவுதான். கடைசியில் மூவரும் பெட்டியோடு கிளம்புகிறார்கள். அன்று கண்ணை மூடிப் படுத்திருந்த இரவு ஷிப்டுக்காரர் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்து வாசல்வரை போய், திரும்பி வந்து, அதை விரித்துவிட்டு வெறுங்கையோடு போகிறார். சாக்கு விழுந்தது. எழுதியவர் ஒருவரே உள்ளே நின்றார். அதை எழுதினபடிதான் செய்தார்களா என்று பின்னால் நோட்டில் பார்த்தேன். பாயை விரித்துவிட்டுப் போவது நோட்டில் இல்லை.

செம்பூர்க்காரர் மூக்கைச் சிந்தினார். ஜலதோஷம் என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாடகம் நன்னாத்தான் இருக்கு. ஆனா ஒரு ராஜா இருந்திருக்கலாம்" என்றார்.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் மூவரும் போய்விட்டார்கள். ஒருவர் கோவண்டிக்கு, ஒருவர் டிராம்பேப் பக்கம் வேலைக்கு, பாயை விட்டுப்போனவர் ஊருக்கு. மனைவி வந்து சேர்ந்தாள். அவளையும் கூட்டிக்கொண்டு என் நாற்பத்திரண்டு படியையும் அவர் ஏறி வந்தார். அடுத்த நாடகம் எழுதுகிறீரா என்று கேட்டேன். அவர் மனைவியைப் பார்த்தார். அவள் என் வீட்டு இரண்டு அறைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "இனிமே ரெண்டு பேருதான் சார்வாள்" என்றார். அதையும் சிபாரிசு செய்ய நான் தயாராக இருந்தேன். அவர் எழுதவில்லை. சங்கமும் அடுத்த வருஷத்திலிருந்து சிபாரிசுப் பக்கத்தை எடுத்துவிட்டு அதில் பஞ்சாங்கம் போட்டது. சோழநாடு மேடையேறியது. பத்தொன்பது பேருக்கும் வேஷம். முதல் காட்சியில் பஞ்சம். ராணியின் மீசை போயிற்று.

இப்போது எனக்கு எண்பத்து மூன்று. படிகள் அதே நாற்பத்திரண்டுதான். ஏறும்போது மட்டும் அறுபது போலத் தெரிகிறது. மனைவியோடு வந்த அன்று தாராவிக்காரர் ஒரு ஜோடி செருப்பு கொடுத்துவிட்டுப் போனார். என் காலை எப்போது அளந்தார் என்று தெரியாது, அரை அங்குலம் பிசகில்லை. விலை கேட்டதற்குச் சொல்ல மறுத்துவிட்டார். கடையில் விசாரித்தேன், ஏழு ரூபாய். அதைக் கழித்துவிட்டுச் சொல்கிறேன்: இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் நாடகத்துக்கு நான் செய்த ஒரே உருப்படியான சிபாரிசால் எனக்கு ஆன செலவு, நாற்பத்தேழு ரூபாய் ஒன்பது அணா.