பண்ணை வண்டியில் சங்கத்துப் பிள்ளை

கிராமத்து நர்சுக்கு ஊரில் இரண்டு பெயர் உண்டு: வலி வரும்வரை ஊசிக்காரி, வலி வந்துவிட்டால் தாயே. குடவாசல் பக்கம் பையைத் தூக்கிக்கொண்டு வரப்பு வரப்பாக வழுக்கி விழுந்தவர்கள் இதைப் படித்தால், அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மாட்டுக் கொட்டகை

கழக ஆட்சி வந்த புதிது. ஊருக்கு ஒரு நர்சை, அதாவது என்னை, அனுப்பினார்கள். கட்டடத்தை மட்டும் அனுப்ப மறந்துவிட்டார்கள். மிராசுதார் பெரிய மனசு பண்ணி, தன் வீட்டுக் கொல்லையில் காலியாகக் கிடந்த மாட்டுக் கொட்டகையைக் கொடுத்தார். ஈ வந்தது, கொசு வந்தது. கர்ப்பிணி ஒருத்தியும் வரவில்லை.

நடவு வயலுக்கே போய், ஐந்து மாத வயிற்றோடு நின்ற அஞ்சலையிடம் காரணம் கேட்டேன். நாற்றுமுடியைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "பண்ணை வாசல்ல கைகட்டி நிக்கறது எங்களோட போகட்டும் நர்சம்மா. வயித்துல இருக்கறதையும் கூட்டியாந்து நிக்கச் சொல்றீங்களா?"

முதல் ஊசி

அதற்குப் பிறகு என் ஆஸ்பத்திரி பம்புசெட் நிழலுக்கு மாறியது. அஞ்சலைக்கு ரணஜன்னி வராமலிருக்க டெட்டனஸ் ஊசி போடப் போனால், அவள் புருஷன் கோவிந்தன் குறுக்கே நின்றான். விவசாயக் கூலிகளின் சங்கத்துக்கு அவன்தான் அங்கே தலைவன். அது குடும்பக் கட்டுப்பாட்டு ஊசி என்று எவனோ கிளப்பிவிட்டிருந்தான். நான் என்ன சொல்லியும் எடுபடவில்லை. "மொதல்ல எனக்குப் போடுங்க. எனக்கு ஒண்ணும் ஆவலன்னா அவளுக்கு" என்று கையை நீட்டினான்.

போட்டேன். ஊசி ஏறிய மாத்திரத்தில் முகம் வெளுத்து வரப்பிலேயே சாய்ந்துவிட்டான். அஞ்சலை அவன் முகத்தில் வாய்க்கால் தண்ணீரைத் தெளித்துவிட்டு, என் பக்கம் தோளைத் திருப்பினாள்: "போலீஸ் தடிக்கு அசையாத மனுஷன். அவரு எந்திரிக்கறதுக்குள்ள போட்டுடுங்க."

மறியல்

அறுவடை சமயத்தில் கூலித் தகராறு முற்றியது. பண்ணை வண்டி எதுவும் பாலம் தாண்டக்கூடாது என்று கோவிந்தன் விடியும்போதே ஆட்களோடு போய்விட்டான். அவன் போனபிறகு அஞ்சலைக்கு வலி எடுத்தது. தொட்டுப் பார்த்தேன். தலை இருக்க வேண்டிய இடத்தில் கால் தட்டுப்பட்டது. குடவாசல் ஆஸ்பத்திரி ஜீப்போ அமைச்சர் கூட்டத்துக்குப் போயிருந்தது.

வேறு வழியில்லாமல் மிராசுதாரிடம் ஓடினேன். பண்ணைக் கணக்குப் பார்க்கும் காரியஸ்தரையே குடவாசலுக்கு வண்டி ஓட்டச் சொன்னார். "வழியில ஏதாவது ஆச்சுன்னா அதுக்கும் என் வாசல்லதான் கொடி பிடிப்பானுங்க" என்றார்.

பாலத்தில் கூட்டம். கோவிந்தன் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "பண்ணை வண்டி போகாது" என்றான். நான் வாயைத் திறக்குமுன் படுதாவுக்குள்ளிருந்து அஞ்சலையின் குரல் வந்தது: "யோவ், கயித்தை விடு. உள்ள உம்புள்ள பண்ற மறியலே எனக்குப் போதும்."

நன்றி

குடவாசல் லேடி டாக்டர் குழந்தையை எடுத்தபோது அது அழவில்லை. காலைப் பிடித்துத் தூக்கி, முதுகைத் தேய்த்து, வாயைத் துடைத்து, நான் கும்பிடாத சாமி இல்லை. பிறகு அழுதது. பெண். கோவிந்தன் வராந்தாத் தூணைப் பிடித்தபடி உட்கார்ந்தான். நல்லவேளை, இந்தத் தடவை மயங்கவில்லை.

மிராசுதாருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாயேன் என்றேன். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நீங்களே சொல்லிடுங்க நர்சம்மா. அப்படியே, கேட்ட கூலி நெல்லுல கால்படி கூடக் குறைச்சுக்க மாட்டோம்னும் சொல்லிடுங்க."

பிள்ளை வெளியே வர வலி ஒன்று போதும். அதற்கு வழிவிடச் சொல்லி ஆண்களை நகர்த்தத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது.