லண்டனுக்குப் போகாத யசிந்தா

யாழ்ப்பாணத்துக் குருநகரில் மீன் விற்று மகள் யசிந்தாவைப் படிப்பித்தவள் லூர்த்தம்மா. யசிந்தா நல்ல புள்ளிகள்தான் எடுத்தாள். ஆனால் யாழ்ப்பாண மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அனுமதிக்கான வெட்டுப்புள்ளி உயர்ந்திருந்ததால் அவளுக்கு இங்கே பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. அப்படித் தவறிய பிள்ளைகள் பலர் அந்த நாளில் லண்டனுக்குத்தான் விண்ணப்பம் போட்டார்கள். அவளும் போட்டாள். லூர்த்தம்மா சந்தையில் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தாலும் உள்ளூர அவளுக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

எண்பதாம் ஆண்டு லண்டனில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணத்தை ஒரேயடியாகக் கூட்டிவிட்டார்கள். மீன் விற்ற காசுக்கு அது எட்டவில்லை. யசிந்தா அழுது தீர்த்தாள். மகளைப் பார்க்கப் பாவமாக இருந்தது லூர்த்தம்மாவுக்கு; ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ இளகியது. அதை அவள் வெளியே காட்டவில்லை.

பிறகு சினேகிதிகளைப் போல யசிந்தாவும் இந்தியாவுக்கு எழுதிப் போட்டாள். மெட்ராஸில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது.

“லண்டன் இல்லையெண்டு உங்களுக்குக் கவலையோ அம்மா?”

லூர்த்தம்மா தலையிலிருந்த மீன் கடகத்தை இறக்கி வைத்தாள்.

“லண்டன் எந்தப் பக்கமெண்டே எனக்குத் தெரியாது பிள்ளை. மெட்ராஸ் எண்டால் கப்பலேறி நானும் வந்து பாப்பன். உனக்கு லண்டன் கிடைக்கவேணுமெண்டு மாதாவிட்டை மன்றாடப் போனனான். வாய் வரேல்லையடி.”

யசிந்தா விழுந்து விழுந்து சிரித்தாள். லூர்த்தம்மாவுக்கு அப்போதுதான் நிம்மதியாக மூச்சு வந்தது.