பாக்கு மட்டையில் ஒரு வணக்கம்

ஜப்பான்காரன் ஆட்சி. பினாங்குக் குன்றுச் சரிவில், மகளை மடியில் வைத்துப் பாக்கு மட்டையில் சறுக்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன். கீழே ஒரு சிப்பாய் வந்து நின்றான். குனிந்து வணங்காதவர்களுக்கு அறை விழும். சிலருக்குத் தலையே போயிருந்தது. வீரனான நான் உட்கார்ந்தபடியே குனிந்தேன். மட்டை கிளம்பிவிட்டது.

"என்னங்க, நேரா அவன் மேலயே போறீங்க," என்று மனைவி மேலிருந்து அலறினாள். நான் வணக்கத்தைக் கைவிடவில்லை. குனிந்தபடியே போய் அவன் பூட்ஸில் முட்டினேன். மகளை இறுக்கிக்கொண்டு அறைக்குக் காத்திருந்தேன்.

அவன் துப்பாக்கியை மரத்தில் சாய்த்துவிட்டு, மட்டையோடு மேலேறினான். எங்களில் யாருக்கும் வராத லாவகத்தோடு வளைந்து வளைந்து சறுக்கி வந்தான். "யூகி," என்று வானத்தைக் காட்டி, விரல்களை மெல்ல உதிர்த்து, குளிரில் நடுங்குவதுபோல் நடித்தான். பனியைச் சொல்கிறான் என்று புரிந்தது.

"அப்பா, அவர இன்னொரு வாட்டி போகச் சொல்லுங்க லா," என்றாள் மகள்.

மறுநாளும் அவனைக் கண்டு நடுங்கத்தான் செய்தேன். ஆனால் பனியே பார்த்திராத நான், அவன் சறுக்கிய அன்று அந்த முகத்தில் ஒரு மலை நிறையப் பனியைப் பார்த்தேன்.