மகளுக்கு ஒரு வங்கிக் கணக்கு: இராசிபுரம், நாமக்கல், சேலம்

திங்கள், காலை 9.40. திருச்சி விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது என் முட்டி இரண்டும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூருக்குப் பேருந்தில் நான்கு மணி நேரம், அங்கிருந்து விமானத்தில் நான்கு மணி நேரம். உறங்காத கண்ணில் புரட்டாசி வெயில் வந்து குத்தியது. கூட வந்தவள் என் ஒரே மகள் மலர்விழி. வயது பத்தொன்பது. இராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் சித்த மருத்துவம் படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. படிப்பு ஐந்தரை வருடம்.

நான் முப்பத்திரண்டு வருடம் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் பாதிப் பேருக்கு விண்ணப்பப் பாரம் பூர்த்தி செய்து கொடுத்தே கை தேய்ந்தவன். ஆகவே இந்தப் பயணத்தைப் பற்றி எனக்குப் பெரிய பயம் எதுவும் இல்லை. மகளைக் கல்லூரி விடுதியில் சேர்ப்பது, அவள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு திறப்பது, வெள்ளிக்கிழமை மாலை விமானம் ஏறுவது. என் மனைவிதான் வாசலில் நின்று, "கணக்கத் தொறக்காம பிள்ளைய விட்டுட்டு வந்துராதீங்க," என்று கண்டித்துச் சொல்லி அனுப்பினாள். விமானத்தில் மலர் கொஞ்சம் வாடிப்போய் இருந்தாள். பாஷை தெரியும், சோறு நம் சோறு, சாமி நம் சாமி, இது என்ன வெளிநாடா என்று நான் அவளுக்குத் தைரியம் சொன்னேன்.

வாடகைக் காரோட்டி பொன்னுசாமி மோகனூர்க்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். இராசிபுரம் வரை நூற்றிருபது கிலோமீட்டருக்கு 3,400 ரூபாய் கேட்டார். வெள்ளி வரை கூடவே இருந்தால் நாளுக்கு 2,500 என்று பேசி முடித்தோம். முசிறி, தொட்டியம் வழியாகக் காவிரியை ஒட்டியே சாலை போகிறது. ஒரு பக்கம் வாழைத் தோப்பு, இன்னொரு பக்கம் மறுபடியும் வாழைத் தோப்பு. நாமக்கல் நெருங்க நெருங்க நீளமான கோழிப் பண்ணைகள் வந்தன, அவற்றின் வாடையும் வந்தது. புரட்டாசியில் ஜனங்கள் கவிச்சி தொடுவதில்லை, முட்டை விலை சரிந்து பண்ணைக்காரர்கள் முகம் தொங்கிப்போய்க் கிடக்கிறது என்று பொன்னுசாமி விவரம் சொன்னார். நான் பாதி கேட்டேன், பாதி தூங்கினேன்.

செவ்வாய், காலை 10.15. இராசிபுரத்தில் நாங்கள் தங்கிய லாட்ஜ் அறைக்கு நாள் வாடகை 1,100 ரூபாய். இட்லி சாப்பிட்டுப் பசியாறிவிட்டு, கடைவீதியில் இருந்த ஒரு வங்கிக் கிளைக்குப் போனோம். எங்கள் சீட்டு எண் 34. அப்போது 9 நடந்துகொண்டிருந்தது. மதியம் ஒரு மணிக்கு முன்னால் முறை வந்தது. இளைஞரான அதிகாரி சிரித்த முகமாக ஆதார் அட்டை கேட்டார். இல்லை என்றேன். தொலைந்துவிட்டதா என்று கேட்டார். எடுக்கவே இல்லை என்றேன். இப்போதே போய் எடுத்து வாருங்கள், பேருந்து நிலையத்துக்குப் பின்னால்தான் என்று வழி சொன்னார். நான் எங்கள் இருவரின் கடப்பிதழ்களையும், அதாவது பாஸ்போர்ட்டுகளையும், மேசையில் வைத்தேன். அவர் சிவப்பு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"தமிழ் பேசுறீங்க?" என்றார். குற்றம் சாட்டும் குரலில் அல்ல, உண்மையாகவே குழம்பிப்போய்.

உள்ளே போய்க் கேட்டுவிட்டு வர அரைமணி நேரம் ஆனது. இந்தக் கிளையில் வெளிநாட்டுக்காரர் யாருக்கும் கணக்கு திறந்ததே இல்லை, நாமக்கல்லுக்குப் போங்கள் என்றார்கள். வெளியே வந்து தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். மூன்று தேநீர், இரண்டு பன், 66 ரூபாய். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். கடைக்காரர் அதைத் தொடவே இல்லை. சில்லறை கிடையாது, ஃபோனில் ஸ்கேன் செய்துவிடுங்கள் என்று சதுரக் கட்டம் போட்ட அட்டையைக் காட்டினார். எங்கள் ஃபோனில் இந்திய வங்கிக் கணக்கு இருந்தால்தானே ஸ்கேன் செய்வதற்கு? பொன்னுசாமிதான் கட்டினார். காய்கறி விற்கும் அம்மா முதல் கோயில் வாசல் பூக்காரர் வரை எல்லாரிடமும் அந்த அட்டை தொங்குகிறது. நான் போன பிறகு இந்தப் பிள்ளை கையில் பணத்தை வைத்துக்கொண்டே ஒரு பன் வாங்கித் தின்ன முடியாமல் நிற்குமே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

புதன். நாமக்கல் 27 கிலோமீட்டர். ஒன்பதே முக்காலுக்கே போய்விட்டோம். விசா நகல், நான்கு புகைப்படம், கல்லூரிச் சேர்க்கைக் கடிதம் எல்லாம் சரி என்றார்கள். விடுதிக் காப்பாளர் கொடுத்த முகவரிச் சான்று மட்டும் வெள்ளைத் தாளில் இருந்தது, கல்லூரிப் பெயர் அச்சடித்த தாளில் வேண்டும் என்றார்கள். திரும்ப 27 கிலோமீட்டர். காப்பாளர் சாப்பிடப் போயிருந்தார். காத்திருந்து வாங்கிக்கொண்டு மறுபடி 27 கிலோமீட்டர். நாமக்கல் சாலையில் முட்டை ஏற்றிய லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்து போகையில், நான் எதற்காக ஓய்வு பெற்றேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. மலர் மடியில் ஆவணக் கோப்பை வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள்.

பிற்பகல் 3.10. இந்த முறை எங்களைக் கவனித்தவர் ஒரு பெண் அதிகாரி. ஐம்பதை ஒட்டிய வயது. மலரின் முகத்தைப் பார்த்ததும் முதலில் தண்ணீர் வரவழைத்தார். பிறகு பூர்வீகம் எந்த ஊர் என்று விசாரித்தார். தாத்தாவின் அப்பா சேலம் ஜில்லாவிலிருந்து கப்பல் ஏறியவர், ஊர்ப்பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது என்றேன். அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்புறம் என்னங்க? நம்ம ஊட்டுப் புள்ளதானுங்க. இதுக்குப் போயி வெளிநாட்டுக்காரருன்னு எதுக்கு இத்தன அலைச்சலு?"

அவர் சொன்ன வழி இதுதான். வெளிநாட்டவருக்கான பாரத்தை விட்டுவிட்டு, உள்ளூர்க்காரர்களுக்கான சாதாரண சேமிப்புக் கணக்குப் பாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். 'இந்தியர்' என்ற கட்டத்தில் ஒரு குறி. ஆதாருக்கு விண்ணப்பித்திருக்கிறது, வந்ததும் தருகிறோம் என்று ஒரு வரி. உள்ளூர் முகவரி ஒன்று இருந்தால் போதும், நாளைக் காலையில் கணக்கு கையில். எங்களோடு உள்ளே வந்திருந்த பொன்னுசாமி ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "எங்க ஊட்டு அட்ரஸ் போட்டுக்குங்க. மாமன்னு எழுதிக்குங்க, தப்பில்ல," என்றார்.

எனக்கு எப்படி இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இனித்தது. எங்கள் நாட்டில் பள்ளிப் பாரமோ மருத்துவமனைப் பாரமோ, எதை எடுத்தாலும் இனம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் அறுபது வருடமாக 'இந்தியர்' என்று குறி போட்டே பழகிய கை இது. அந்தக் கையை இந்தியாவிலேயே ஒருவர் பிடித்து, நீ எங்கள் ஆள் என்று சொல்கிறார். முட்டி வலி, வெயில், வெள்ளிக்கிழமை விமானம், வாசலில் நின்று சொன்ன மனைவி எல்லாம் சேர்ந்துகொண்டன. பேனாவை எடுத்துப் பாரத்தைப் பூர்த்தி செய்து, கையெழுத்துக்காக மகள் பக்கம் தள்ளினேன்.

மலர் மெதுவாகப் படித்தாள். பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

"அப்பா, நான் இந்தியக் குடிமகள் இல்ல."

தெரியும், கையெழுத்துப் போடு என்றேன். அந்த அம்மா, சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குத்தான் என்றார். மலர் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"அடுத்த வருஷம் விசா புதுப்பிக்கப் போறப்ப இந்தப் பாரத்தக் காட்டி ஏன் பொய் எழுதுனன்னு கேட்டா, நீங்க வீட்டுல இருப்பீங்க. நான்தானே நின்னு பதில் சொல்லணும்? படிப்பே போயிடும்பா."

எனக்குக் காது வரை சூடேறியது. மற்றவர்கள் முன்னால் மகள் என்னைத் திருத்தியது அதுதான் முதல் தடவை. அந்த அம்மா பாரத்தை மெல்ல இழுத்து இரண்டாகக் கிழித்தார். பிள்ளை சொல்வதுதான் சரி, நாங்கள் களைத்துப்போய் வந்ததைப் பார்த்து அவசரப்பட்டுவிட்டேன் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். சேலத்தில் வெளிநாட்டவர் கணக்குகளைப் பார்க்கும் கிளையின் முகவரியை எழுதிக் கொடுத்து, அங்கே தொலைபேசியில் கூப்பிட்டும் சொல்லி வைத்தார். நல்ல மனுஷி. எனக்கு அப்போது அவர் மேலும் கோபம்தான்.

இராசிபுரம் திரும்பும் வழியெல்லாம் மகளைத் திட்டிக்கொண்டே வந்தேன். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசுகிறாள் என்றேன், கிடைத்த வழியையும் அடைத்துவிட்டாள் என்றேன், ஊரெல்லாம் சொந்தக்காரன் மாதிரி பழகுகிறது, இவளுக்கு மட்டும் என்ன என்றேன். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆண்டகளூர் கேட் வந்தபோது பொன்னுசாமி வண்டியை ஓரம் கட்டி எனக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார். அவர் பதினாலு வருடம் போர்வெல் லாரியில் வட நாடெல்லாம் சுற்றியவராம்.

"பாஷ தெரியாத ஊர்ல நாங்க பயந்து பயந்து சூதானமா இருப்போமுங்க சார்," என்றார். "ஆந்திராவுல கொஞ்சம் பாஷ புடிபட்டுச்சு. அங்கதானுங்க என்ன எழுதியிருக்குதுன்னு கேக்காம கொள்ளாம கையெழுத்துப் போட்டு, ரெண்டு மாசம் வண்டி போலீஸ் ஸ்டேசன்ல நின்னுச்சு." பிறகு கண்ணாடியில் மலரைப் பார்த்து, "நீ சோடா குடிக்கறயா சாமி?" என்று கேட்டார்.

வியாழன், காலை 10.30. இராசிபுரத்திலிருந்து சேலம் சுமார் முப்பது கிலோமீட்டர். கொண்டலாம்பட்டி ரவுண்டானாவைத் தாண்டவே இருபது நிமிடம் பிடித்தது. கிளையின் முதல் மாடியில் கண்ணாடித் தடுப்பு போட்ட ஓர் அறை. படிகள் இருபத்தேழு, முட்டி எண்ணியது. அங்கிருந்த அதிகாரி கோப்பை வாங்கிப் புரட்டிவிட்டு, இங்கே இது வழக்கமாக வருவதுதான் என்றார். அதைக் கேட்டதும் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. நாற்காலியை இழுத்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார். விண்ணப்பதாரர் மட்டும் போதும், வயது பதினெட்டு முடிந்துவிட்டது, நீங்கள் வெளியே இருங்கள் என்றார்.

வெளியே ஓர் இரும்பு நாற்காலி இருந்தது. ஐம்பது நிமிடம் அதில் இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. மலர் ஒவ்வொரு தாளாக எடுத்துக் கொடுத்தாள். ஏதோ ஒன்றை இல்லை என்று தலையாட்டி மறுத்தாள். கேள்வி கேட்டாள், பதிலை எழுதி வைத்துக்கொண்டாள். ஒரு தடவை சிரித்தாள். பிறந்த நாளிலிருந்து இவளுக்காக நான் கையெழுத்துப் போடாத பாரம் கிடையாது. முதல் வகுப்பு, தடுப்பூசி, சுற்றுலா, பல்லில் கம்பி கட்டியது என்று எல்லாவற்றுக்கும் கீழே என் கையெழுத்துதான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டேன்.

அவள் ஒரு ரசீதோடு வெளியே வந்தாள். எல்லாம் ஏற்றுக்கொண்டார்கள், கணக்கு எண் வரப் பத்து வேலை நாள் ஆகும் என்றாள். அதுவரை என்ன செய்வாய் என்று கேட்டேன். பத்து நாளைக்கு மெஸ்ஸில் கணக்கு வைத்துக்கொள்ளலாம், நேற்று காப்பாளருக்காகக் காத்திருந்தபோதே விடுதி அறைத் தோழியிடம் பேசிவிட்டேன், அவள் ஃபோனில் கட்டுவாள், நான் ரொக்கமாகக் கொடுத்துவிடுவேன் என்றாள். நான் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டேன்.

"உங்க கையெழுத்து எங்கயும் வேணாமாம்பா," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடி, மறுபடி என் பையிலேயே செருகினாள்.

படி இறங்கும்போது அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நேற்று திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்கவில்லை. ஆசிரியர்களுக்கு அந்தப் பழக்கம் குறைவு. சாப்பாட்டுக் கடையில் அவளுக்குப் பிடித்த அப்பளத்தை என் இலையிலிருந்து எடுத்து வைத்தேன், அவள் எடுத்துக்கொண்டாள்.

வெள்ளி, காலை 11.00. கல்லூரி வாசல். அவள் பெட்டிகளைக் காலையிலேயே விடுதியில் இறக்கியாயிற்று. அவளுக்குப் பதினொன்றே காலுக்கு வகுப்பு. விமான நிலையம் வரை வருகிறேன் என்று சொல்வாள், வேண்டாம் என்று சொல்லலாம் என்று இருந்தேன். அவள் சொல்லவில்லை. அம்மாவிடம் கணக்கு தயாராகிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், திறந்துவிட்டது என்று பொய் சொல்லாதீர்கள் என்றாள். கையசைத்துவிட்டு, வெள்ளை மேலங்கி போட்ட பிள்ளைகளோடு கலந்து நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. பொன்னுசாமி உடனே வண்டியை எடுக்கவில்லை. புள்ள பொழைச்சுக்குமுங்க என்று மட்டும் சொன்னார்.

மாலை விமானம் முக்கால் மணி தாமதம். பக்கத்து இருக்கையில் ஈப்போவில் துணிக்கடை வைத்திருப்பவர். சரக்கு எடுக்க வந்து திரும்புகிறார். தனியாகவா வந்தீர்கள் என்று கேட்டார். மகளைப் படிக்க வைத்துவிட்டு வருகிறேன் என்றேன். எங்கே படிக்கிறாள் என்று கேட்டார்.

"வெளிநாட்டில்," என்றேன்.