மெகர் பெட்டி வந்த நாள்

பிள்ளைகளே, ஒரு பல்பு மாற்றக்கூட நான் வயர்மேனைக் கூப்பிடுகிறேன் என்று உங்களுக்கு ஒரே சிரிப்பு. சிரியுங்கள். இதைப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. திருச்சியில் மாதா கோயிலுக்குப் பின்சந்தில் எங்கள் வீடு. கிறிஸ்துமஸுக்கு வாசலில் தொங்கிய நட்சத்திரம் அண்ணன் செய்தது. எனக்கென்று ஒன்றைக் கொல்லையில் கட்டினேன். வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து மெயினை இறக்கினேன். அடுப்படிச் சுவரில் கம்பி ஓடும் மரச்சட்டத்தின் மூடியைக் கழற்றி, அதிலிருந்து பல்புக்குக் கம்பி இழுத்தேன். முறுக்கிய இடத்தில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியைச் சுற்றினேன். கேட்டவர்களிடம் பாட்டரி விளக்கு என்றேன். பண்டிகை முடிந்ததும் கம்பியை நறுக்கி, நுனியை உள்ளே திணித்து மூடிவிட்டேன்.

அடுத்த ஐப்பசி மழையில் சுவர் ஊறிவிட்டது. ஒரு காலையில் ஈரக்கையோடு அந்தச் சுவரைத் தொட்ட அம்மாவை மின்சாரம் தூக்கி எறிந்தது. இரண்டு நாள் அவளால் கரண்டி பிடிக்க முடியவில்லை.

மெயின் போர்டு பழசாகிவிட்டதுதான் காரணம் என்றார் அப்பா. புதிதாக மாற்ற என்ன ஆகும் என்று, மண்ணச்சநல்லூர் அரிசி மில்களில் வேலை பார்க்கும் வயர்மேனைக் கேட்டார்.

"சோதிச்சுப் பாக்காம வெல சொல்ல மாட்டேங்க" என்று அவர் சுற்றும் கைப்பிடி வைத்த ஒரு பெட்டியை இறக்கினார். அதற்குப் பெயர் மெகர்; கம்பியில் மின்சாரம் கசிகிறதா என்று காட்டும். "மனுசன் சொல்றது முன்னப்பின்ன இருக்கும். இது பொய் சொல்லாதுங்க."

"உன் கையக் குடுடா, உன்னையும் சுத்திப் பாக்கட்டும்" என்றான் அண்ணன். அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பியூஸ்களைப் பிடுங்கி, பல்புகளை எல்லாம் கழற்றிவிட்டு, வயர்மேன் கைப்பிடியைச் சுற்றினார். முன்னறைக் கம்பிக்கு முள் உயரத்திலேயே நின்றது; கசிவு இல்லை. அடுப்படிக் கம்பியை மாட்டிச் சுற்றினார். முள் பூஜ்யத்தில் விழுந்து அங்கேயே கிடந்தது.

போர்டு நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு அடுப்படியில் என்று சொல்லி, அவர் நேராக வந்து மரச்சட்டத்தின் மூடியைக் கழற்றினார். அழுக்கேறிய பிளாஸ்திரி தெரிந்தது. திரும்பி என்னைப் பார்த்தார். அப்பா எட்டிப் பார்க்குமுன் பிளாஸ்திரியை உரித்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எலி கடிச்சிருக்குங்க."

வயர்மேன் அங்கே புதுக் கம்பி போட்டுக்கொடுத்தார். அப்பா அன்றே ஓர் எலிப்பொறி வாங்கிவந்தார். அவ்வளவு தேர்ந்த வேலைக்காரருக்கு எலியின் வேலைக்கும் என் வேலைக்கும் வித்தியாசம் தெரியவில்லையே என்று அந்த வயதில் நான் நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் பயம் போகவில்லை. மழை ஓயும்வரை தினமும், அம்மா எழுமுன் நான் மட்டும் அடுப்படிக்குப் போய், கையை நனைத்துக்கொண்டு அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன்.