மெயினுக்குக் காவல் இருந்த செல்வி

போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு ஸ்விட்ச் மாட்டினோம். இதையெல்லாமா எழுதுவாய் என்று கேட்காதீர்கள். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

கீரமங்கலத்தில் மழையும் காற்றும் ஜோடி சேர்ந்து வந்தால் கரண்ட் போய்விடும். ஒரு தென்னை மட்டை கம்பி மேல் விழுந்தால் போதாதா? இன்வெர்ட்டர் ஃபேனைச் சுழற்றும், மோட்டாரை இழுக்காது. அதனால் சின்னதாக ஒரு ஜெனரேட்டர் வாங்கினேன். அதை வீட்டு லைனோடு சேர்க்க 'சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச்' மாட்ட வேண்டும் என்றார் எலக்ட்ரீஷியன். கைப்பிடியை மேலே தூக்கினால் இ.பி. கரண்ட், கீழே இறக்கினால் ஜெனரேட்டர் கரண்ட் - இரண்டும் சேரவே சேராது.

எங்கே மாட்டுவது, எதெதற்கு லைன் கொடுப்பது? வீடே கூடி மாநாடு போட்டது. மோட்டார் ஓடினால் போதும் என்றேன். கிரைண்டர் ஓடாத ஜெனரேட்டர் எதற்கு என்றாள் மனைவி. பெரியம்மா எல்லாவற்றையும் அக்னி மூலைக்குத் தள்ளினார். இப்படியே இழுத்துக்கொண்டு இருந்ததில் பேத்தியின் காதுகுத்து வந்துவிட்டது.

விசேஷத்துக்கு முதல் நாள் சாயங்காலம். வீடு நிறைய சொந்தக்காரர்கள். சுழற்றி அடித்தது காற்று... கரண்ட் போச்சு. டேங்க்கில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

துபாயிலிருந்து லீவில் வந்திருந்த என் மச்சினன், இதெல்லாம் ஒரு விஷயமா என்று ஒரு ஒயரின் இரண்டு முனையிலும் பிளக் பின் மாட்டினான். ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை சுவர் பிளக்கில். எங்கள் பக்கம் பல வீடுகளில் நடக்கிற வித்தைதான். மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணினாயா என்று கேட்டேன். பண்ணியாச்சு என்றான். ஜெனரேட்டர் உறுமியது. வீடு முழுக்க வெளிச்சம், கைதட்டல்!

கைதட்டல் ஓய்வதற்குள் வாசலில் செல்வி.

அடுத்த வீட்டுக்காரர். கணவர் லைன்மேன். தெருவில் எங்கே ஜெனரேட்டர் சத்தம் கேட்டாலும் போட்டது போட்டபடி ஓடி வந்துவிடுவார். 'கரண்ட் ஆபீசர் வந்தாச்சு' என்று தெருவே கிண்டல் பண்ணும். அன்றைக்கு எனக்கும் கொஞ்சம் எரிச்சல்தான். விசேஷ வீட்டில் வந்து செக்கிங் என்ன வேண்டிக்கிடக்கு?

மெயின் ஆஃப்தான் என்று மச்சினன் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. நேரே போய்ப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அண்ணே, அவரு பின்னாடித் தெரு போஸ்ட்டுல ஏறி நிக்கிறாரு. கரண்ட் வந்துருச்சான்னு பாக்க யாராச்சும் மெயினைப் போட்டுட்டா, ஒங்க ஜெனரேட்டர் கரண்டு அந்தக் கம்பிக்குப் போயிரும்ணே."

உடனே நிறுத்தச் சொன்னேன். செல்வியே தடுத்தார். "விசேஷ வீடு, டேங்க் ரொம்பட்டும்ணே. நான் இங்கிட்டே ஒக்காந்துக்கிறேன்."

பிளாஸ்டிக் சேரை மெயினுக்குக் கீழே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மறுநாளைக்கு வாங்கி வைத்திருந்த உதிரி மல்லிகையை எடுத்துக் கட்ட ஆரம்பித்தார். மடியில் செல்போன்.

கொஞ்ச நேரத்தில் பெரியம்மா முந்தானையில் கை துடைத்துக்கொண்டே வந்தார். யாரோடோ பேசியபடி, மெயினுக்குக் கையை நீட்டினார். கரண்ட் வந்துவிட்டதா என்று அதைப் போட்டுப் பார்ப்பது எங்கள் வீட்டுப் பழக்கம்!

செல்வி எழுந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

மச்சினன் மூஞ்சி வெளுத்து, ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தி, அந்த ஒயரைப் பிடுங்கி எறிந்தான். பாதி டேங்க் தண்ணீரே போதும் என்றாகிவிட்டது.

இருட்டிலேயே எல்லோரும் செல்வியின் செல்போனைப் பார்த்தபடி இருந்தோம். ஒருவழியாக அது அடித்தது.

"எறங்கிட்டாராம்ணே. எனக்கு ஒரு டீ போடச் சொல்லுங்க."

நமக்கு வெளிச்சம் வரவேண்டும் என்றுதானே ஒருத்தர் மழையில் ஏறி நிற்கிறார்? கரண்ட் வந்ததும் ஹே என்று கத்துகிறோம். அவர் இறங்கினாரா என்று கேட்டிருக்கிறோமா? நான் கேட்டதில்லை. செல்விக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல் டீயை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் பேத்தி தலையில் இருந்தது அவர் கட்டிய பூ.

காதுகுத்து முடிந்த கையோடு, மாநாட்டைக் கலைத்துவிட்டு ஸ்விட்சை மாட்டிவிட்டோம். இனி யார் மெயினைத் தொட்டாலும் ஜெனரேட்டர் கரண்ட் கம்பிக்குப் போகாது. கிரைண்டருக்கும் லைன் உண்டு. மனைவியிடம் யார் ஜெயிப்பது?

நேற்று மறுபடி கரண்ட் போச்சு. கைப்பிடியைக் கீழே இறக்கி, ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு, செல்விக்கு ஒரு டீயோடு வாசலில் நின்றேன். அவர் ஓடி வரவில்லை, தன் வீட்டு வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தார். சிரித்தார். உலையில் அரிசி கிடக்கிறது என்று உள்ளே போய்விட்டார்.

டீயை நானே குடித்தேன். அவ்வளவு ருசியாக இருந்தது!