புரட்டாசித் தூண்டில்

அம்பாசமுத்திரம் தாண்டி பஸ் பஞ்சராகி நிற்கிறது. நான் ஆற்றுக்கு இறங்குகிறேன். மலையில் இன்னும் மழை தொடங்கவில்லை. தெளிந்த தண்ணீருக்கடியில் கூழாங்கற்கள் தெரிகின்றன. மருதமர நிழலில் ஒருவர் தூண்டிலில் வெட்டுக்கிளியைக் கோத்து மிதக்க விடுகிறார். கெண்டை ஒன்று துள்ளிக் கவ்வுகிறது. பைய அதைக் கழற்றி, மறுபடி ஆற்றிலேயே விடுகிறார்.

"எதுக்கு அண்ணாச்சி விட்டுட்டிய?"

"புரட்டாசி மாசம்லா. கொண்டு போனா அவ வீட்டுக்குள்ள விடமாட்டா. ஆனா கை சும்மா இருக்க மாட்டேங்கு."

புரட்டாசியில் அப்பாவும் இப்படித்தான், பிடித்துப் பிடித்து விடுவார். அம்மா அவரை வாசலிலேயே நிறுத்தி, கையை மோந்து பார்த்து, மறுபடியும் கழுவச் சொல்வாள்.

அடுத்த கெண்டையைக் கேட்டு வாங்கி நானே ஆற்றில் விடுகிறேன்.

பஸ் கிளம்புகிறது. கையை மோந்து பார்க்கிறேன். மடியில் தண்ணீர் பாட்டில் இருக்கிறது. கழுவ மனம் வரவில்லை.